ரயிலிலும் விமானத்திலும் சாப்பாடு: விலை என்ன, தரம் எப்படி? பினாங்குப் பயணிகளுக்கு ஒரு கையேடு

டத்தோ கிராமாட் – சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே இண்டிகோ நிறுவனத்தின் நேரடி விமானச் சேவை 2024 டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கியது. அதன் பிறகு கோலாலம்பூரோ சிங்கப்பூரோ போய் விமானம் மாற வேண்டிய அலைச்சல் இங்குள்ள தமிழர்கள் பலருக்கு மிச்சமானது. டத்தோ கிராமாட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் காரில் போய்விடலாம். சுமார் நான்கு மணி நேரத்தில் சென்னை. அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயில்.

கோயில் யாத்திரை, உறவினர் திருமணம், மருத்துவம், கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது என்று காரணம் எதுவானாலும், பெட்டி கட்டும்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வயதானவர்கள், சைவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டவருக்குச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப் போனால் மயக்கமே வரலாம்.

பட்டர்வொர்த்தில் ஏறினால்

முதலில் உள்ளூர் ரயில். ஜார்ஜ்டவுன் படகுத் துறைக்கு அருகே மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத் துறைக் கட்டடம் 1907-இல் ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் என்று அதை வேடிக்கையாகச் சொல்வார்கள். அன்று அங்கே பயணச்சீட்டு வாங்கி, படகில் அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்றும் தீவுக்காரர்களுக்கு வழி அதுதான்: படகு அல்லது பாலம், பிறகு பட்டர்வொர்த்.

மின்சார ரயிலான இடிஎஸ் சேவை 2010-இல் தொடங்கியது. 2015-இல் அது வடக்கே பாடாங் பெசார் வரையிலும் பட்டர்வொர்த்துக்கும் நீண்டது. பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம். ரயிலில் ஒரு சிற்றுண்டிப் பெட்டி இருக்கும். நாசி லெமாக், பொரித்த சோறு, ரொட்டி, கேக், கோப்பி, தே, மைலோ போன்றவை அங்கே விற்கப்படும். வணிக வகுப்புச் சீட்டு எடுத்தவர்களுக்கு உணவு கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

அந்தப் பெட்டியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. வெளியே சமைத்துப் பொட்டலமாக ஏற்றியதைச் சூடாக்கித் தருகிறார்கள். ஆகவே பாடாங் பிரவுன் உணவங்காடியில் கண்ணெதிரே வதக்கித் தரும் சுவையை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அசைவம் சாப்பிடுவோருக்கு நான்கு மணி நேரம் சமாளிக்க அது போதும். சைவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நாசி லெமாக்கில் நெத்திலி, சம்பலில் பிளாச்சான், பொரித்த சோற்றில் கோழி. மிஞ்சுவது ரொட்டியும் கோப்பியும்தான். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவில் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு படகு ஏறுவதே நல்லது.

இதே தண்டவாளத்தில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் என்ற சொகுசு ரயிலும் ஓடுகிறது. 1993-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 பிப்ரவரியில் மீண்டும் வந்தது. பெயர் பெற்ற சமையல் கலைஞர் வகுத்த உணவுப் பட்டியல், வெள்ளை மேசை விரிப்பு, அதற்கேற்ற கட்டணம். அது சாப்பாட்டுக்காகவே போகும் பயணம். இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

ஆகாயத்தில் ஏன் ருசிப்பதில்லை?

விமானத்தில் முதன்முதலாக உணவு விற்கப்பட்டது 1919 அக்டோபரில், லண்டன்–பாரிஸ் பயணத்தில். பெட்டியில் வைத்த குளிர்ந்த உணவு, விலை 3 ஷில்லிங். விமானச் சாப்பாடு தொடக்கத்தில் இலவசம் என்றும் பிற்பாடுதான் காசு வாங்க ஆரம்பித்தார்கள் என்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விற்பனையில்தான் தொடங்கியது.

இன்று நம் தட்டுக்கு வரும் சோறு, விமானம் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே தரையில் சமைக்கப்பட்டது. சமைத்த கையோடு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வேகமாகக் குளிர வைத்து, தட்டில் அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே போன பிறகு வெப்பக்காற்று அடுப்பில் மறுபடி சூடாக்குகிறார்கள். பொரித்தது மொறுமொறுப்பை இழப்பதும் சோறு ஓரத்தில் காய்ந்து போவதும் இதனால்தான். குழம்பு, பருப்பு, கூட்டு போன்ற ஈரப் பதார்த்தங்கள் இந்தச் சோதனையில் தப்பிவிடுகின்றன. விமானத்தில் மீனா கோழிக் குழம்பா என்று கேட்டால் குழம்பு என்று சொல்வது பெரும்பாலும் பாதுகாப்பு.

நாக்கும் அங்கே ஒழுங்காக வேலை செய்வதில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது. காற்றின் ஈரப்பதமோ 20 விழுக்காட்டுக்கும் கீழே. மூக்கு உலர்ந்துவிடுவதால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் ருசியும் பாதி போச்சு. லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் பிராவுன்ஹோபர் ஆய்வுக்கழகம் 2010-இல் செய்த சோதனையில், உப்புச் சுவை 20 முதல் 30 விழுக்காடு வரையிலும் இனிப்பு 15 முதல் 20 விழுக்காடு வரையிலும் குறைவாக உணரப்படுவது தெரியவந்தது. புளிப்பும் உறைப்பும் அவ்வளவாகக் குறைவதில்லை. நம் சமையலுக்கு இது சாதகம்தான். சிக்கல் என்னவென்றால், இந்தக் குறையை ஈடுகட்டச் சமையற்கூடங்களில் உப்பைக் கூட்டிவிடுகிறார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உப்புமா, அவல் போன்ற உடனடி உணவுகளுக்கும் இது பொருந்தும். இண்டிகோ விமானத்தில் விற்கப்படும் உப்புமாவில் மேகியைவிட உப்புச் சத்து அதிகம் என்று 2024 ஏப்ரலில் ஓர் உணவு விழிப்புணர்வுப் பதிவர் சமூக ஊடகத்தில் எழுப்பிய கேள்வி இந்தியாவில் பெரிய பேச்சானது. விதிமுறைகளுக்கு உட்பட்டே உணவு வழங்குவதாக நிறுவனம் பதில் சொன்னது. பொட்டலத்தின் பின்புறம் சோடியம் அளவு அச்சிட்டிருப்பார்கள். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிடலாம்.

"இந்து உணவு" என்றால் சைவம் அல்ல

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முழுச் சேவை விமானங்களில் சிறப்பு உணவை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம்; கூடுதல் கட்டணம் கிடையாது. ஒவ்வோர் உணவுக்கும் உலகம் முழுவதும் பொதுவான நான்கெழுத்துக் குறியீடு உண்டு. அதில் எச்என்எம்எல் என்பது இந்து உணவு. கோயில் விரதத்தில் இருப்பவர்கள் பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தட்டைத் திறந்தால் கோழி இருக்கும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இருக்காது என்பது மட்டுமே அந்தக் குறியீட்டின் பொருள். கோழி, ஆடு, மீன், முட்டை எல்லாம் அதில் வரலாம்.

மரக்கறி வேண்டுமென்றால் கேட்க வேண்டியது ஏவிஎம்எல். இந்திய முறையில் மசாலா சேர்த்த சைவ உணவு. பால், தயிர் இருக்கும், முட்டை பொதுவாக இருக்காது. விஜிஎம்எல் என்பது பாலும் நெய்யும்கூட இல்லாத முழுத் தாவர உணவு. அதைக் கேட்டால் மேல்நாட்டு முறையில் வேக வைத்த காய்கறியும் பச்சிலையும் வர வாய்ப்பு அதிகம். தயிர்ச்சோறு சாப்பிடுகிற பாட்டிக்கு அது ஒத்துவராது. வெங்காயம், பூண்டு, கிழங்கு தவிர்ப்பவர்களுக்கு விஜெஎம்எல் என்ற சமண சைவ உணவு இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு டிபிஎம்எல். ஆனால் டிபிஎம்எல் சைவமாகத்தான் வரும் என்று உறுதி இல்லை. இரண்டு குறியீட்டை ஒரே சீட்டில் சேர்க்கவும் பெரும்பாலும் முடியாது. சைவராகவும் நீரிழிவுக்காரராகவும் இருப்பவர் ஏவிஎம்எல் எடுத்துக்கொண்டு, இனிப்பை ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் குறைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி.

புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாவது, சில நிறுவனங்களில் 48 மணி நேரம் முன்பு, இதைப் பதிவு செய்ய வேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் பணிப்பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்றிய தட்டுகள்தான் உண்டு. முகவர் மூலம் சீட்டு எடுத்தவர்கள், அவர் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னாலும் விமான நிறுவனத்தின் செயலியில் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. 2018 ஜூலையில் எமிரேட்ஸ் நிறுவனம் இந்து உணவை நிறுத்துவதாக அறிவித்தபோது பயணிகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. உடனே முடிவை மாற்றிக்கொண்டது. கேட்பவர்கள் இருக்கும்வரைதான் பட்டியலில் ஓர் உணவு இருக்கும்.

பெரிய நிறுவனம் என்றால் சாப்பாடு உறுதி என்றும் நம்பிவிட முடியாது. உணவு வழங்கிய பிராஹிம்ஸ் நிறுவனத்துடனான மலேசியா ஏர்லைன்சின் ஒப்பந்தம் 2023 ஆகஸ்டு 31-உடன் முடிவுக்கு வந்தது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தற்காலிக ஏற்பாடாக எளிய பொட்டல உணவு வழங்கப்பட்டது. சாத்தே பரிமாறிப் பெயர் வாங்கிய நிறுவனத்தில் இந்த மாற்றம் பயணிகளிடையே முணுமுணுப்பைக் கிளப்பியது. பிறகு நிறுவனம் சொந்த ஏற்பாடுகளைச் செய்து மீண்டது. ஆயிரக்கணக்கான தட்டுகளை நாள்தோறும் தயாரிக்கும் சமையற்கூடத்தை ஒரே இரவில் மாற்றிவிட முடியாது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

மலிவு விமானத்தில் விலைக் கணக்கு

மலிவுக் கட்டண நிறுவனங்களுக்குச் சாப்பாடு ஒரு செலவு அல்ல, வருமானம். பயணச்சீட்டைக் குறைந்த விலைக்கு விற்று, இருக்கை, பெட்டி, உணவு ஆகியவற்றில் காசு பார்ப்பதே அவற்றின் வழி. ஏர் ஆசியா தன் உணவுக்குச் சந்தான் என்று பெயர் வைத்து, 2019 டிசம்பரில் கோலாலம்பூர் மிட்வேலியில் அதே பெயரில் உணவகமும் திறந்தது. விமானச் சாப்பாட்டைத் தரையில் காசு கொடுத்துச் சாப்பிட ஆள் வருவார்களா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பாக் நாசர் நாசி லெமாக் என்ற பெயர் பலருக்கும் பழக்கமாகிவிட்டது.

இந்த விமானங்களில் முன்பதிவு செய்த உணவு, மேலே போய் வாங்குவதைவிட மலிவு. முன்பதிவு செய்தவருக்கு முதலில் தருவார்கள், மற்றவருக்கு மிஞ்சியது. நான்கு மணி நேரச் சென்னைப் பயணத்துக்கு நான்கு பேர் குடும்பம் முன்பதிவில்லாமல் ஏறினால், சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்து கணிசமான தொகையைத் தின்றுவிடும். வெளி உணவை உள்ளே சாப்பிடக் கூடாது என்று சில நிறுவனங்களின் பயண நிபந்தனையில் இருக்கிறது. குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும் பொதுவாக விலக்கு தருவார்கள். மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருந்தால் பேச்சு வளராது.

இந்திய ரயிலில்

சென்னையில் இறங்கிய பிறகு கதை மாறுகிறது. இந்திய ரயில்களில் உணவு விலையை ரயில்வே வாரியமே நிர்ணயிக்கிறது. 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பட்டியலின்படி, விரைவு ரயில்களில் சைவச் சாப்பாடு 80 ரூபாய், முட்டைக் குழம்புச் சாப்பாடு 90, கோழிக் குழம்புச் சாப்பாடு 130. காலைப் பசியாற சைவம் 40, அசைவம் 50. 80 ரூபாய் என்பது நம் காசில் ஏறத்தாழ 4 வெள்ளி. ஒரு லிட்டர் ரயில் நீர் போத்தல் 15 ரூபாயாக இருந்து, 2025 செப்டம்பரில் 14 ரூபாயானது. முன்பதிவு இல்லாத பெட்டிகளில் போகும் ஏழைப் பயணிகளுக்காக 20 ரூபாய் சாப்பாட்டை 2023-இல் நிலையங்களில் விற்கத் தொடங்கினார்கள்.

பட்டியல் விலை நியாயமானது. தட்டில் வருவதுதான் பிரச்சினை. குத்தகைதாரர் ரயில்வேக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். விலையையோ உயர்த்த முடியாது. அப்போது அளவிலும் தரத்திலும் கைவைப்பது, பட்டியலை மறைத்துக் கூடுதலாகக் கேட்பது என்ற இரண்டு வழிகள் அவருக்குத் தெரிகின்றன. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 74 நிலையங்களிலும் 80 ரயில்களிலும் நடத்திய சோதனையின் அறிக்கை 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கெட்டுப்போன பொருள், காலாவதியான போத்தல், மிச்சத்தைத் திரும்பப் பயன்படுத்துவது, மனிதர் உண்ணத் தகாத உணவு என்று அந்த அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. அதே ஆண்டு புதிய உணவுக் கொள்கை வந்து, பெரிய சமையற்கூடங்களில் சமைத்து ரயிலில் ஏற்றும் முறை பரவியது.

புதிய ரயில் என்பதால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பர் 24-இல் தொடங்கியது. 2024 நவம்பரில் அந்த ரயிலில் கொடுத்த சாம்பாரில் பூச்சி கிடந்ததைப் பயணிகள் படம் பிடித்தார்கள். அது சீரகம் என்று முதலில் சமாளிக்கப் பார்த்தார்கள். முடிவில் உணவு வழங்கிய குத்தகை நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. படம் இல்லாவிட்டால் அது சீரகமாகவே போயிருக்கும்.

வந்தே பாரத், தேஜஸ் போன்ற ரயில்களில் சீட்டு எடுக்கும்போதே உணவு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் கட்டணம் குறையும். மற்ற ரயில்களில் சாப்பாடு வாங்கினால் ரசீது கேளுங்கள். ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி. 139 என்ற எண்ணில் ஓடும் ரயிலிலிருந்தே புகார் செய்யலாம். சென்னையிலிருந்து தெற்கே போகும் இரவு ரயில்கள் பலவற்றில் சமையற்பெட்டி கிடையாது என்பதால், எழும்பூரில் ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவது உத்தமம். உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரி 27-இல் உடான் யாத்ரி கஃபே திறக்கப்பட்டது. தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10, காப்பி 20, சமோசா 20. விமான நிலையத்தில் இந்த விலை என்பது ஆச்சரியம்தான்.

கட்டிக்கொண்டு போவதானால்

புளிச்சோற்றைப் பயணச் சோறு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் கிருமி வளர்வதைத் தாமதப்படுத்தும். தேங்காய்ப் பால் சோறு அப்படி அல்ல. நம் வெயிலில் சீக்கிரமே நொந்துபோகும். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலைதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த சோறு அந்த நிலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பிடாதீர்கள். காலை ஐந்து மணிக்குக் கட்டிய நாசி லெமாக்கைப் பகல் பன்னிரண்டுக்குப் பிரிப்பது ஆபத்து. சூடாக இருக்கும்போதே பொட்டலத்தை இறுக்கி மூடுவதும் கூடாது. நீராவி வியர்த்துச் சோறு கெட்டுவிடும்.

அனைத்துலக விமானத்தில் கைப்பையில் திரவம் 100 மில்லிலிட்டருக்கு மேல் பொதுவாக அனுமதி இல்லை. சட்னி, சாம்பார், தயிர், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இட்லி உள்ளே போகும், சட்னி குப்பைத் தொட்டிக்குப் போகும். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி இதற்காகவே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

தாமதமானால் சாப்பாடு உங்கள் உரிமை

இது பலருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டு மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நிறுவனம் பயணிகளுக்கு உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால், தங்க வேண்டிய நிலையில் விடுதியும் போக்குவரத்தும் உண்டு. 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பின் பயணம் வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். மலிவு விமானத்துக்கும் இது பொருந்தும். சாப்பாட்டைச் சீட்டோடு வாங்கவில்லையே என்று சொல்லி மறுக்க இடமில்லை. இந்தியாவிலிருந்து புறப்படும்போது அந்நாட்டு விதி வேறு: இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு உணவு தர வேண்டும். சென்னை–பினாங்கு இந்தப் பிரிவில் வருகிறது.

முகப்பில் போய்க் கேட்டால்தான் பற்றுச்சீட்டு தருவார்கள்; கேட்காதவருக்குத் தேடி வந்து கொடுப்பது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர் வரிசையில் நிற்காமல் நேராகப் போய்ச் சொல்லலாம்.

விமானப் பயணிகளின் புகாரை முன்பு மாவ்கோம் எனும் ஆணையம் கவனித்து வந்தது. 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அந்தப் பொறுப்பு மலேசிய பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. முதலில் விமான நிறுவனத்துக்கு எழுதி, பதில் திருப்தி இல்லாவிட்டால் ஆணையத்துக்குப் போக வேண்டும். ரயிலிலோ நிலையத்திலோ வாங்கிய உணவு கெட்டிருந்தால் அது 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதாரத் துறையின் பொறுப்பு. விலை காட்டாமல் விற்றாலோ அநியாய விலை வாங்கினாலோ உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். நட்ட ஈடு கேட்க மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: ரசீது, பயணச்சீட்டு, உணவின் படம், நேரம். படத்தை எடுத்த பிறகு தட்டைத் திருப்பிக் கொடுங்கள்.